சூரிய மின்சாரம்: நிலம் யாருடையது, கூரை யாருடையது?

(பாக்கார் ஆராங்கில் தோட்டத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த ஊருக்குப் பாக்கார் ஆராங் என்று பெயர். மலாய் மொழியில் பாக்கார் என்றால் எரித்தல். ஆராங் என்றால் கரி. கரி எரிக்கும் பெயர் கொண்ட ஊரில் நின்று, கரி எரிக்காத மின்சாரத்தைப் பற்றிப் பேசும்படி தலைவர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார். (சிரிப்பு.) பொருத்தமான இடந்தான். கரிக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. நமக்குப் பக்கத்திலே சுங்கை பத்துவில், மண்ணைத் தோண்டி, பழைய காலத்து இரும்பு உலைகளை எடுத்திருக்கிறார்கள். நம்மவர் கடாரம் என்று பெருமையாகச் சொல்லும் நாட்டில், யாரோ ஒரு கூட்டத்தார் மரக்கரி போட்டு, துருத்தி ஊதி, இரும்பு காய்ச்சியிருக்கிறார்கள். அரசன் பெயரைச் சொல்லும் கல்வெட்டு உண்டு. துருத்தி ஊதியவன் பெயரைச் சொல்லும் கல்வெட்டு எங்கே? அது போகட்டும்.

"சோலார் வந்தால் நமக்கென்ன, கரியால் வந்தால் நமக்கென்ன, வீட்டில் விளக்கு எரிந்தால் போதாதா?" என்று சில தோழர்கள் என்னைக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. போதாது என்பதற்குக் காரணம் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இப்போது எரிவது என்ன?

தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில், 2020ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், பாதிக்கு மேல் நிலக்கரியால் ஆனது. மிச்சத்தில் பெரும்பகுதி இயற்கை வாயு. அந்த நிலக்கரி நம் மண்ணில் வெட்டியது அல்ல. இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறி வந்து, பேராவில் மஞ்சோங்கிலும் சிலாங்கூரில் காப்பாரிலும் எரிகிறது. 2022இல் உலகச் சந்தையில் நிலக்கரி விலை தாறுமாறாக ஏறியபோது, ஏறிய செலவு முழுவதும் பில்லில் விழாதிருக்க, அந்த ஆண்டின் பிற்பாதி ஆறு மாதத்துக்கு மட்டும் அரசாங்கம் 580 கோடி வெள்ளி மானியம் கொடுக்க வேண்டியதாயிற்று. அது யார் பணம்? நீங்களும் நானும் கட்டுகிற வரிப் பணமும் அதில் இருக்கிறது.

புகையின் கணக்கு வேறு. நிலக்கரிப் புகை வானத்தில் தங்கி உலகைச் சூடாக்குகிறது. அதை விளக்க விஞ்ஞானி இங்கே வேண்டியதில்லை. காலை மழை கால நேரம் தவறிப் பெய்தால் பால் மழைநீரோடு போகும். அன்றைய கூலியும் அதனோடு போகும். பருவம் கெட்டால் முதல் அடி விழுவது வெட்டுக்காரர் முதுகில்.

ஆகவே அரசாங்கம் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று 2021இல் அறிவித்தது. 2023இல் தேசிய எரிசக்தி மாற்றத் திட்ட வரைவு வெளியாயிற்று. 2050ஆம் ஆண்டுக்குள் மின்நிலையங்களின் மொத்தக் கொள்ளளவில் 70 சதவீதம் சூரியன், நீர் முதலிய தீராத சக்திகளால் ஆக வேண்டும் என்பது அதன் இலக்கு. கிராணிமார்கள் இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். இது கொள்ளளவுக் கணக்கு. எரிகிற யூனிட் கணக்கு வேறு. சூரியப் பலகை இரவில் தூங்கும். மேகம் மூடினால் பாதி தூங்கும். நூறு பேரைப் பெயர்ப்பட்டியலில் எழுதிவிட்டு எழுபது பேர் பெரட்டுக்கு வந்தால் என்ன ஆகுமோ, அப்படி. எனவேதான் பாட்டரிச் சேமிப்பு, ஏரிகளின் மேல் மிதக்கும் பலகை, அண்டை நாட்டு நீர் மின்சாரம் என்று பலவற்றைச் சேர்த்துப் பேசுகிறார்கள். 2025இல் வெளியான 13ஆவது மலேசியத் திட்டம் அணுசக்தியையும் மீண்டும் பேச்சில் கொண்டுவந்திருக்கிறது. எது எவ்வளவு வரும் என்று அடித்துச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் சூரியன் வந்துவிட்டது. நம் கெடாவுக்கே வந்துவிட்டது.

நம் வாசலில் நடப்பது

குருணில் 2018ஆம் ஆண்டு முடிவில் 50 மெகாவாட் சூரிய நிலையம் ஒன்று மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. நார்வே நாட்டு ஸ்காடெக் கம்பெனி உள்நாட்டுக் கூட்டாளிகளோடு கட்டியது அது. நம் கோல மூடா மாவட்டத்திலேயே, புக்கிட் செலாம்பாவில், தெனாகா நேஷனல் 2020இல் 30 மெகாவாட் நிலையம் அமைத்தது. கூலிமில் அமெரிக்கக் கம்பெனியான பர்ஸ்ட் சோலார் 2008 முதல் சூரியப் பலகை செய்கிறது. தோட்டத்தில் பிறந்து கூலிம் தொழிற்பேட்டைக்குப் பஸ்ஸேறிய பிள்ளைகள் எத்தனையோ பேர். உலகத்துக்குச் சூரியப் பலகை செய்து அனுப்புகிற மாநிலம் இது. அந்தப் பலகையில் ஒன்றாவது நம் லயத்துக் கூரையில் ஏறியிருக்கிறதா என்று கேட்டால், நீங்களே சிரிக்கிறீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தாய்லாந்திலிருந்து நம் குருண் வரை 300 மெகாவாட் தாங்கும் உயரழுத்த மின்பாதை ஒன்று வருகிறது. 2022 ஜூன் மாதம் முதல், லாவோஸ் நாட்டு ஆற்று மின்சாரத்தைத் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு விற்கும் ஏற்பாடு தொடங்கியது. முதலில் 100 மெகாவாட். எங்கோ ஒரு மேக்கோங் கரையோரத்து ஆறு சிங்கப்பூரில் குளிர்சாதனப் பெட்டியை ஓட்டியது. இடையிலே கெடா ஒரு வழிப்பாதை. சுத்தமான மின்சாரம் நம் தலைக்கு மேலேயே கடந்து போகலாம், நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பதற்கு இது ஒரு சாட்சி.

இது புதிதும் அல்ல. பேரா ஆற்றில் செண்டரோ அணை மின்நிலையம் 1930இல் வந்தது. புகையில்லாத மின்சாரந்தான். யாருக்கு வந்தது? கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டும் கப்பல்களுக்கு வந்தது. தோட்ட லயங்களில் அதற்குப் பிறகும் பல்லாண்டு மண்ணெண்ணெய் விளக்குத்தான். பின்பு தோட்டத்து இஞ்சின் வந்தது. பொழுது சாய்ந்ததும் போடுவார்கள், பிள்ளை பாடம் முடிக்குமுன் நிறுத்துவார்கள். பங்களாவுக்கு ஒரு நேரம், லயத்துக்கு ஒரு நேரம். வயதான தோழர்கள் தலையாட்டுகிறீர்கள். 1949இல் மத்திய மின்சார வாரியம் ஏற்பட்டது. 1965இல் அது தேசிய மின்சார வாரியமாயிற்று. 1990இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. பெயர்ப்பலகை மாறிய அளவுக்கு வேகமாகக் கம்பி லயத்துக்கு வரவில்லை. சங்கம் கேட்டுக் கேட்டு, சட்டம் வந்து, அப்புறம் வந்த விளக்கு அது.

பத்து ஆராங் ஊரையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிலாங்கூரில் உள்ளது, பெயரிலேயே நிலக்கரி. 1915ஆம் ஆண்டிலிருந்து அங்கே சுரங்கம் நடந்தது. ரயிலுக்கும் மின்நிலையத்துக்கும் அந்தக் கரிதான். 1936இலும் 1937இலும் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தங்கள் மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் நிலைத்தவை. அந்த ஒற்றுமையைப் போலீசை வைத்து உடைத்தார்கள். ஆனாலும் சுரங்கத்தை அப்போது மூடவில்லை. பின்னாளில் ரயில் எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறியது. கரி வாங்க ஆளில்லை. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலைநிறுத்தத்தால் மூடாத வாசலை எரிபொருள் மாற்றம் மூடியது. இன்று மஞ்சோங்கிலும் காப்பாரிலும் வேலை செய்கிற தோழர்களுக்கு இந்தச் செய்தி பொருந்தும். நிலக்கரி நிலையங்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெறுகிற காலம் குறித்தாகிவிட்டது. ஆனால் நான் இன்று அதிகம் பேச விரும்புவது நம் தோட்டத்தைப் பற்றி.

ஏக்கர் கணக்கு

சூரிய நிலையத்துக்கு என்ன வேண்டும்? மேடு பள்ளம் அதிகமில்லாத நிலம் வேண்டும். நல்ல சாலை வேண்டும். பக்கத்தில் பெரிய மின்கம்பி வேண்டும். நிலம் ஒரே கையில் இருக்க வேண்டும். பேரம் பேசச் சுலபமாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட நிலம் எங்கே இருக்கிறது? தோழர்களே, அது எஸ்டேட் நிலந்தான். பெரிய தோட்டக் கம்பெனிகள் இதைக் கண்டுகொண்டன. பழைய சைம் டார்பி பிளாண்டேஷன் 2024இல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. தோட்ட நிலத்தில் ஒரு பகுதியைச் சூரிய நிலையங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் ஒதுக்கும் திட்டத்தை வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. பேராவில் கிரியான் வட்டாரத்துத் திட்டம் 2023 வரைவிலேயே இடம்பெற்றது. மரம் நட்டால் ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். பால் விலை உலகச் சந்தையில் ஏறும் இறங்கும். வெட்டுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று துரைமார்கள் முறையிடுகிறார்கள். பலகையை நட்டால் அடுத்த ஆண்டே வாடகை. கம்பெனிக்கு அது லாபக் கணக்கு. நம் கணக்கு என்ன?

எல்லாரும் மனத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு மெகாவாட்டுக்கு மூன்று முதல் ஐந்து ஏக்கர் ஆகும். நாலு ஏக்கர் என்று வைப்போம். 50 மெகாவாட்டுக்கு 200 ஏக்கர். அதே 200 ஏக்கரில் ரப்பர் நின்றால், ஏக்கருக்கு ஏறக்குறைய 150 மரம் என்று 30,000 மரம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. ஆக நாளைக்கு 15,000 மரம். ஒரு வெட்டுக்காரருக்கு 500 மரம் என்றால் 30 வெட்டுக்காரர். அதற்கு மேல் மண்டோர், பால் நிறுக்கிற கிராணி, லாரிக்காரர், ஸ்டோர் ஆட்கள். முப்பது முப்பத்தைந்து குடும்பத்துக்குச் சோறு. தோராயக் கணக்குத்தான், தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் கூடும், குறையும்.

சூரியப் பலகை நிற்கும் 200 ஏக்கரில் எத்தனை பேருக்கு வேலை? கட்டும்போது நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும். கட்டி முடித்தபின் காவலுக்குச் சிலர், புல் வெட்டச் சிலர், பலகை கழுவச் சிலர், கருவி பார்க்க ஒன்றிரண்டு டெக்னீஷியன். நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் கப்பலேறிய ராமநாதபுரம் சீமையைப் பாருங்கள். அங்கே கமுதியில் 2016இல் அதானி கம்பெனி 648 மெகாவாட் சூரிய நிலையம் கட்டியது. 2,500 ஏக்கர், 25 லட்சம் பலகை. சுமார் 8,500 பேர் உழைத்து எட்டு மாதத்தில் முடித்தார்கள் என்று பத்திரிகைகள் எல்லாம் புகழ்ந்தன. முடிந்த பிறகு? பலகையைத் துடைப்பதற்குக் கூட யந்திரம் வைத்துவிட்டார்கள்; அது தானே நகர்ந்து தானே துடைக்கிறது. யந்திரத்துக்குச் சேமநிதி கட்ட வேண்டியதில்லை. (சிரிப்பு.)

இயற்கையின் வேடிக்கை ஒன்று சொல்கிறேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தக் கெடாவில் வெயில் எப்படிக் காயும் என்பது உங்களுக்குத் தெரியும். ரப்பர் இலையுதிர்க்கும், பால் சுருங்கும், வெட்டுக்காரர் வீட்டில் அடுப்பும் சுருங்கும். அதே மாதங்களில்தான் சூரியப் பலகைக்கு நல்ல அறுவடை. இந்த இரண்டையும் ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்தால், ஒன்று மெலியும்போது மற்றது தாங்கும். ஆனால் நிரைக்கு நடுவே பலகை நட முடியாது; ரப்பர் உயர்ந்த மரம், அதன் நிழலில் பலகைக்கு உயிரில்லை. ஆக, காட்டில் இரண்டும் ஒன்றை ஒன்று விரட்டும். கூரையில் பலகையும் காட்டில் மரமுமாக இருந்தால் இரண்டும் வாழும். மரத்தை வெட்டி எறிந்துவிட்டு அங்கே பலகை நட்டு, அதற்குச் சுத்தமான மின்சாரம் என்று பெயர் வைப்பது எனக்கு அவ்வளவு சுத்தமாகப் படவில்லை. தொழிற்பேட்டைக் கூரைகள் எத்தனை ஏக்கர் வெறுமனே வெயில் காய்கின்றன! பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையையே போய்ப் பாருங்கள். முதலில் அந்தக் கூரைகள் நிறையட்டும்.

வேலை போனால் வீடு போகும்

நம் தோட்டத்து நிலைமைக்கே உரிய துன்பம் ஒன்று உண்டு. பட்டணத்தில் ஒருவனுக்கு வேலை போனால் வேலைதான் போகும். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். பிள்ளையின் பள்ளிக்கூடம் தூரமாகும். கோயில் ஆளற்று நிற்கும். சட்டம் என்ன தருகிறது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் 1980இல் வந்த ஆட்குறைப்பு விதிகள் இருக்கின்றன. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை பதினைந்து நாள். அதற்கு மேல் இருபது நாள். இருபது ஆண்டு வெட்டியவருக்கு 400 நாள் சம்பளம். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 22,000 வெள்ளி. இருபது ஆண்டு பனியிலும் கொசுவிலும் விடியுமுன் எழுந்த உடம்புக்கு அது விலை. சுங்கைப்பட்டாணியில் அதற்கு ஒரு வீட்டின் வாசற்படிதான் கிடைக்கும்.

தோட்டம் துண்டாடப்பட்ட காலத்தை நினையுங்கள். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். லயங்கள் காலியாயின. மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசிஸ் அதைப்பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஆராய்ச்சி வெளியாவதற்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்டிவிட்டன. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கும் ஏக்கருக்கு ஆள் குறைவு. இந்தப் பாக்கார் ஆராங்கிலும் சுற்றுவட்டாரத் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் இருக்கிற நம் குடும்பங்களில் எத்தனை, அந்த இரண்டு அலைகளில் ஒன்றில் கரையொதுங்கியவை! சூரியன் மூன்றாவது அலையாக வரக்கூடாது. வந்தால் முதலில் அடிபடுகிறவர்களில் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து இன்று நம்மோடு வெட்டுகிற தொழிலாளியும் இருப்பார். அவருக்குத் திரும்பிப் போக டிக்கெட்டு மட்டும் கொடுப்பார்கள். அவரை விட்டுவிட்டு நம் கணக்கை மட்டும் பேசினால் சங்கம் என்ற பெயருக்கு அர்த்தமில்லை.

துண்டாடல் காலத்தில் வேறொன்றும் நடந்தது. 1960இல் துன் சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அன்றைய தொழிலாளி, அந்தக் கொஞ்சக் கூலியிலிருந்து மாதம் பத்து வெள்ளி என்று சேர்த்துப் பங்கு வாங்கினார். பத்து வெள்ளி அன்றைக்குப் பெரிய பணம். அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் கெடாவில், புக்கிட் சிடிம் தோட்டம். கூலிக்கு வெட்டுகிறவனும் தோட்டத்தில் பங்குக்காரனாகலாம் என்று இந்த மண்ணிலேயே ஒருமுறை காட்டியாகிவிட்டது. கூட்டுறவு என்று எழுதிவிட்டாலே தேன் வடியும் என்று நான் சொல்லவில்லை. கணக்குக் கேட்காத அங்கத்தினரும் கணக்குக் காட்டாத நிர்வாகியும் சேர்ந்தால், கூட்டுறவு கடைக்காரர் கடனைவிட மோசமாகும். ஆனால் கணக்குக் கேட்கத் தெரிந்த கிராணிமார்கள் நம்மிடம் இருக்கிறார்களே!

கூரை யாருடையது?

இனி பில்லுக்கு வருவோம். 2011இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. வீட்டுக் கூரையில் சோலார் வைத்தவருக்கு ஒரு யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் விலை, 21 ஆண்டுக்கு உத்தரவாதம் என்று தொடக்கத்தில் கொடுத்தார்கள். அந்தப் பணத்துக்காக மின்பில்லில் ஒரு சதவீதமும், 2014 முதல் 1.6 சதவீதமும் வசூலித்தார்கள். மாதம் 300 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டுக்கு விலக்கு உண்டு; அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஏழெட்டுப் பேர் ஒரே வீட்டில் இருக்கிற நம் குடும்பங்கள் 300ஐத் தாண்டும். ஆக, கூரையும் கையில் காசும் உள்ளவர் விற்ற மின்சாரத்துக்கு, அடுக்குமாடியில் நாலாவது மாடியில் இருப்பவரும் சேர்ந்து கொடுத்தார். தொழில் வளர அப்படி ஒரு தூண்டுதல் வேண்டியிருந்தது என்பார்கள். இருக்கலாம். அதனால் பலகை விலை இறங்கியது என்பதும் உண்மை. கொடுத்தவர் பட்டியலில் நம் பெயர் இருந்தது, பெற்றவர் பட்டியலில் இல்லை என்பதும் உண்மை.

இன்று நிலைமை வேறு. நாலு கிலோவாட் பலகை வைத்தால் மாதம் 400 யூனிட்டுக்கு அருகில் கிடைக்கும். செலவு பதினாறு, பதினெட்டாயிரம் வெள்ளி ஆகும். சொந்த வீடும், பகலில் மின்சாரம் எரிக்கும் தேவையும் உள்ள தோழருக்கு அது நட்டமில்லாத காரியம். வீட்டுக் கூரையை ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டு, அது மின்சாரம் எடுத்து அக்கம்பக்கத்தாருக்கு விற்கும் முறையையும் அரசாங்கம் அறிமுகப்படுத்தியிருக்கிறது. இதில் ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தம் இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கு இருக்கும். கூரை ஒழுகினால் யார் பார்ப்பது? வீட்டை விற்றால் என்ன ஆகும்? கம்பெனி கைமாறினால் என்ன ஆகும்? இங்கிலீஷிலோ மலாயிலோ எழுதிய தாளில் விரலை வைக்குமுன் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்வதற்குக் காசு இல்லை.

லயத்தில் இருப்பவருக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது, கூரை தோட்டத்துடையது. அங்கேதான் கூட்டாகச் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு கணக்குச் சொல்கிறேன். பள்ளிக்கூடம், மண்டபம், கூட்டுறவுக் கட்டடம் என்று கூரைகளில் 100 கிலோவாட் வைக்க ஏறக்குறைய நாலு லட்சம் வெள்ளி. 400 அங்கத்தினர், ஆளுக்கு ஆயிரம். மாதம் இருபது வெள்ளி வீதம் ஐம்பது மாதத்தில் கட்டிவிடலாம். ஆண்டுக்கு 1,20,000 யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு 27 சென் என்று வைத்தால் 32,400 வெள்ளி. பராமரிப்புச் செலவைத் தள்ளாமலே போட்ட பணம் திரும்ப 12 ஆண்டுக்கு மேல் ஆகும். பலகை 25 ஆண்டு உழைக்கும். லாட்டரி அல்ல, ரப்பர்க் கன்று நட்டுக் காத்திருப்பதைப் போன்றது. அனுமதி, விற்கும் விலை எல்லாம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். தொடங்குமுன் எழுத்தில் வாங்க வேண்டும். ஆனால் காத்திருக்கத் தெரிந்தவர்கள் நாம்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பலகையைக் கூரையில் மாட்டுகிற பையனுக்கும், கம்பியைச் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிற பையனுக்கும் சம்பளத்தில் எவ்வளவோ வித்தியாசம். வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழை எரிசக்தி ஆணையம் கொடுக்கிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து அதை வாங்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளையும் சொல்லுங்கள். இப்போதே சூரிய நிலையத்தில் காண்ட்ராக்டரிடம் புல் வெட்டுகிற, பலகை கழுவுகிற தோழர்கள் இங்கே இருந்தால், ஒன்று நினைவில் வையுங்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் பலகை அணையாது. வெயில் படும்வரை அதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். உடைந்த பலகையையும் தோல் உரிந்த கம்பியையும் ஈரக்கையால் தொடாதீர்கள். உங்கள் பெயரில் சொக்சோவும் சேமநிதியும் கட்டப்படுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள்.

கேட்க வேண்டியவை

எந்தத் தோட்டத்திலாவது அளவுக்கல் நடுகிறார்கள், அதிகாரிகள் காரில் வந்து பார்த்துப் போகிறார்கள் என்று தெரிந்தால், அன்றைக்கே காரியாலயத்துக்குச் செய்தி அனுப்புங்கள். மரம் சாய்ந்தபிறகு வருகிற கடிதத்துக்குப் பலமில்லை. கிராணிமார்களுக்கு ஒரு தனி வேண்டுகோள்: நிலக் குத்தகைத் தாள் உங்கள் மேசையைத்தான் முதலில் கடக்கிறது. ரகசியத்தை உடைக்கச் சொல்லவில்லை. உங்கள் வேலையும் அதே தாளில்தான் போகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது இவை. நிலத்தைச் சூரிய நிலையத்துக்குக் கொடுக்குமுன் சங்கத்தோடு பேச்சுவார்த்தை. வேலை இழப்பவருக்குச் சட்டம் சொல்லும் நாட்சம்பளத்தோடு, அந்தத் தோட்டத்து நிலத்திலேயே சொந்த வீட்டுக்கு மனை. 200 ஏக்கரைப் பலகைக்குக் கொடுக்க முடிந்த கம்பெனிக்குப் பத்து ஏக்கர் மனைக்குக் கொடுப்பது முடியாத காரியமல்ல. நிலையத்து வேலையில் அந்தத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு முதலிடம். காண்ட்ராக்டர் தலையில் கட்டாமல் நேரடி வேலை. மிஞ்சி நிற்கிற லயங்களின் கூரையில் தோட்டச் செலவில் பலகை. அரசாங்கத்திடம் கேட்பது ஒன்று: சூரிய நிலையங்களுக்கு டெண்டர் விடும்போது ஒரு பங்கைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கென்று ஒதுக்க வேண்டும்.

இவற்றைத் தீர்மானமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். இன்று நிறைவேற்றும்படி கேட்கப் போவதில்லை. பிரதியை எடுத்துப் போங்கள். லயத்தில் படித்துக் காட்டுங்கள். பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள், மனை விஷயத்தில் அவர்கள் கணக்கு நம் கணக்கைவிடச் சரியாக இருக்கும். திருத்தங்களை அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் கொண்டு வாருங்கள். கமுதி நிலையத்தைப் பற்றியும், கூரை ஒப்பந்தத்தைப் பற்றியும் இரண்டு தோழர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். தலைவர் அவர்கள் அனுமதித்தால் இப்போதே பதில் சொல்கிறேன். பீடோங் பஸ் புறப்பட இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது.